ஒன்றரை மீட்டர்

செப்டம்பரில் மலைக்குப் பின்னே போன வெயில்
மார்ச்சில்தான் ரியூகன் தெருக்களுக்குத் திரும்பும்.
அதுவரை சதுக்கத்துக்கு மட்டும்
மலைச்சரிவின் மூன்று கண்ணாடிகள்
கொஞ்சம் வெளிச்சத்தைக் கடன் வாங்கி அனுப்பும்.

அந்த இருட்டுப் பருவத்தில்தான், ஐலிஃப்,
நீ ஒரு நாய்க்குட்டியைக்
கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாய்.
"ஒரு வாரம்தான்" என்றாய்.
எந்த வாரம் என்று சொல்லவில்லை.

துல்லா என்று பேர் வைத்தோம்.
அசட்டுத்தனம் பண்ணு என்பதற்கு
எங்கள் பேச்சில் அருகில் வரும் சொல்.
வைத்த பேரை அன்றிரவே காப்பாற்றியது.
செருப்பைக் கடித்து, கையுறையைக் கடித்து
உன் தலைக்கவசப் பட்டையைக் கடித்தது.
பனித்திருகு ஒன்றைக் கவ்விப் போய்
கட்டிலோரம் வைத்து
எலும்பென்று விடிய விடிய நக்கியது.
காலையில் அதன்மேல்தான் கால் வைத்தேன்.
நான் கத்திய சொல்லைக் கேட்ட மாடிவீட்டார்
இன்னமும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள்.

சனிக்கிழமை
குட்டியைப் பக்கத்து வீட்டு ஓஸ்லாக்கிடம் விட்டு
இருட்டோடு கிளம்பினோம்.
காரில் அப்படியொரு அமைதி.
பின்னிருக்கையில் யாரும் வாந்தியெடுக்கவில்லை.
இருவருமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டோம்.

அருவி பாதியில் நின்றிருந்தது,
சொல்ல வந்ததை மறந்தவர் போல.
காது வைத்தால்
உள்ளே எங்கோ தண்ணீர் நடக்கிறது.
நான் முதலில் ஏறினேன்.
கோடரி விழும் ஓசையே சொல்லிவிடும்.
"டங்" என்றால் வெறும் கண்ணாடி, நம்பக் கூடாது.
"தப்" என்றால் தொங்கலாம்.
நகக்கண் அளவு இரும்பில்
என் அறுபத்திரண்டு கிலோ.
கீழே நீ, கழுத்து நோக அண்ணாந்தபடி.

இறுக்கு. தளர்த்து. பிடித்திருக்கிறேன்.
பதினோரு வருடத்தில்
மற்ற சொற்களெல்லாம் நமக்குள்
தீர்ந்துவிட்டனவோ என்று
சில இரவுகளில் பயந்திருக்கிறேன்.
அந்தச் செங்குத்தில் இந்த மூன்றும் போதும் போலிருந்தது.

இருபத்தைந்து மீட்டரில் நின்று
உன்னை ஏறி வரச் சொன்னேன்.
பைக்குள் மிச்சமிருந்த கயிற்றை இழுத்து
உன் இடுப்பில் கட்டப் போனாய்.
பிறகு பள்ளத்தாக்கே அதிர ஒரே சொல்:
"துல்லா!"

எனக்கு எல்லாம் புரிந்தது.
நான் தொங்கிக்கொண்டிருந்ததும் அதே கயிறு.
ஓரிடத்தில் கடித்த வாய்
இன்னோர் இடத்தில் சும்மா இருந்திருக்குமா?
கையுறையைக் கழற்றி
அங்குலம் அங்குலமாக விரலால் தடவினேன்.
குட்டிப் பல்லைத் தேடி
என் உயிரை உருவிப் பார்ப்பது போல.
பழுதில்லை.
பனியில் சாய்வாக இரண்டு துளையிட்டு
உள்ளே அவற்றைச் சந்திக்க வைத்து
ஒரு நாடா கோத்து, மெல்ல இறங்கினேன்.
நீ கயிற்றின் நுனியைக் காட்டினாய்.
பஞ்சு வெடித்த காய் மாதிரி ஒன்றரை மீட்டர்.
திட்ட வாயெடுத்தவள்
பனியில் உட்கார்ந்து சிரித்தேன்.
கை நடுக்கம் மட்டும் கார் வரை நிற்கவில்லை.

மேலே அந்தத் தூண் அன்று உடைந்து விழவில்லை.
நாய் உயிர் காத்ததாகக் கதைவிட வழியில்லை.
மறுநாள் யாரோ இரண்டு போலந்துக்காரர்கள்
சீட்டியடித்தபடி ஏறிப் போனார்களாம்.

கதவைத் திறந்த ஓஸ்லாக்
ஒரு கையில் துல்லா, மறு கையில் பாதிச் செருப்பு.
"தங்கமான குட்டி" என்றாள்,
வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஞாயிறு மதியம் சதுக்கத்தில் கண்ணாடி வெயில்.
துல்லா அந்த வெளிச்ச வட்டத்தை
முன்னங்காலால் தோண்டி எடுக்கப் பார்க்கிறாள்.
வெட்டிய ஒன்றரை மீட்டரை நீ நீட்டுகிறாய்,
அவள் ஒரு நுனியைக் கவ்வுகிறாள்,
மறு நுனி உன் கையில்.
"தளர்த்து" என்கிறேன்.
இரண்டு பேரும் கேட்பதாயில்லை.